ஒற்றைக் கால் செருப்பு

"இடது கால் நுழைய மாட்டேங்குது!"

மகளின் கல்யாண வரவேற்புக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், சோலோ நகரத்துத் துணி வியாபாரி விக்னியோ கட்டிலில் உட்கார்ந்து அலறினார். கட்டைவிரல் தக்காளியாகப் பழுத்திருந்தது.

"நேத்து ஆட்டுக் குடலை அப்படி வெட்டினீங்களே, யூரிக் ஆசிட் சும்மா விடுமா?" என்றாள் மனைவி ருக்மி. "ஐஸ் ஒத்தடம் வச்சுப் படுங்க. மேடையில உங்க தம்பி நிக்கட்டும்."

"நிச்சயதார்த்தத்துல சம்பந்தி டர்சோனோ என்ன சொன்னாரு? 'எங்க வம்சத்துல நோயே கிடையாது'ன்னாரு. 'எங்க வீட்லயும்தான்'னு நானும் அடிச்சு விட்டேன். இப்பப் படுத்தா, பொண்ணை ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாரு."

பிரியாணி இலை மாதிரியான சலாம் இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர் நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு பானையையே காலி செய்தார். இஞ்சி அரைத்துச் சூடாகப் பற்றும் போட்டார். விரல் எரிந்தது, தக்காளி ஆப்பிளானது.

கல்யாண உடுப்பு வாடகைக்கு விடும் ஜிலா வந்து பார்த்தாள். பையிலிருந்து பெரிய செருப்பு ஒன்றை எடுத்தாள், இடது கால் மட்டும்.

"பாதி வாடகை கொடுங்கய்யா, போதும்."

பேரமே இல்லாமல் ஜிலா இறங்கி வருவதா? விக்னியோவுக்கே சந்தேகம்தான். ஆனால் கால் கச்சிதமாக நுழைந்தது.

மேடையில் மணமக்களுக்கு இருபுறமும் பெற்றோர் நின்று, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க வேண்டும். வரிசையோ வாசலைத் தாண்டி நின்றது. கால் தெறித்தது, குடித்த பானை அடிவயிற்றை முட்டியது. சம்பந்தி அசையவில்லை. வியர்வை வழிய, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி கம்பம்போல் நின்றார்.

"கொஞ்சம் உட்காரலாமே சம்பந்தி?" தூண்டில் போட்டார் விக்னியோ.

"எனக்கெதுக்கு? நீங்க வேணா உட்காருங்க."

"நானா? விடிய விடிய நிப்பேன்!"

"நானும்தான்!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிங்கப்பா, படம் எடுக்கிறாங்க," என்று மணப்பெண் கெஞ்சினாள்.

கடைசி விருந்தாளி போனதும் விக்னியோ உடை மாற்றும் அறைக்கு நொண்டிப் போனார். காத்திருந்த ஜிலாவிடம் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

"முழு வாடகையே தரேன்மா. இது மட்டும் சம்பந்தி காதுக்குப் போயிடக் கூடாது."

ஜிலா செருப்பைத் துடைத்துப் பையில் போட்டாள்.

"மீதிப் பாதியை அவர் காலையிலேயே கொடுத்துட்டாருய்யா. வலது கால் மட்டும் போதும்னு வாங்கிட்டுப் போனாரு; இந்த இடதை யார் தலையில கட்டுறதுன்னுதான் முழிச்சுக்கிட்டிருந்தேன்!"