ஜெர்மன் பாஸான சம்பந்தி

மொழி கற்றவர்கள் என்று ஒரு வகை மனிதர்கள் உண்டு. மொழியில் பாஸானவர்கள் என்று வேறொரு வகை உண்டு. முதல் வகையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. இரண்டாம் வகையைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் நாமக்கல் மாவட்டத்தில் கிடையாது. ஏனென்றால் குருமூர்த்தி ஆகிய நானே அந்த வகையின் முதல்தர உருப்படி.

இந்த உருப்படியை நீங்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். கோயமுத்தூர் அம்மணி ஒருவர் நடத்திய ஆன்லைன் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து, சென்னைக்குப் போய் 'பி ஒன்' என்ற மூன்றாம் நிலைப் பரீட்சை எழுதி, பாஸாகித் திரும்பி, அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, வாசலில் செருப்பு விடுபவர் நிமிர்ந்தால் முதலில் அதுதான் கண்ணில் பட வேண்டும் என்ற உயரத்தில் மாட்டியிருப்பார். பால்காரருக்குக் காலை வணக்கமாக 'குட்டன் மோர்கன்' சொல்வார். லாரி உதிரிபாகக் கடைக்கு வந்து நாசில் கேட்கும் மெக்கானிக்கிடம், ஜெர்மனியில் இதை ட்யூஸெ என்பார்கள் என்று விளக்குவார். மெக்கானிக் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். ஜெர்மன் செய்தி ஓடும்போது தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். 'என்னங்க சொல்றான்?' என்று மனைவி கேட்டால், 'அது அரசியல், உனக்குப் புரியாது' என்பார்.

அவர் வாயில் வராத வாக்கியம் ஒன்றே ஒன்று: 'எனக்குப் புரியவில்லை.' ஜெர்மன் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அந்த வாக்கியத்தைத்தான். எனக்கு அதில் முழு மதிப்பெண்.

இந்த வயதில் எனக்கெதற்கு ஜெர்மன்? என் மகள் சௌந்தர்யா நர்ஸ் வேலைக்கு ஜெர்மனியின் தெற்கே ஒரு சிற்றூருக்குப் போனாள். போனவள், அந்த ஊர்ப் பையன் மத்தியாஸைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று போனில் கேட்டாள். கொஞ்ச நாள் கழித்து நான் ஒத்துக்கொண்டேன்; சம்பந்தியோடு பேச வேண்டுமே என்று வகுப்பிலும் சேர்ந்தேன். என் மனைவி வசந்தாமணி அழுது ஓய்ந்து ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ளாமல் நின்றவர் அவளுடைய அண்ணன் மயில்சாமி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். தாய்மாமன் தலையாட்டாமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடக்குமா?

"பையனோட அப்பன நேர்ல பாக்கோணுமுங்க மாப்ள. அந்தாளு வாயால ரெண்டு வார்த்த கேக்கோணும். அப்பறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார் மச்சான்.

மகளுக்கும் பையனுக்கும் லீவு கிடைப்பதற்கு முன்பே பையனின் அப்பா ஹெல்முட் மட்டும் புறப்பட்டு வந்தார். மனைவியை இழந்தவர் என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. சௌந்தர்யா போனில் எச்சரித்தாள்.

"அப்பா, அவரு பேசறது ஷ்வேபிஷ். அந்த ஊருப் பேச்சு. புஸ்தகத்துல இருக்கற மாதிரி இருக்காது. புரியலைன்னா எனக்கு வீடியோ கால் போடுங்க."

பாஸான ஒருவரிடம் சொல்கிற பேச்சா இது? "நீ போன வை கண்ணு" என்றேன்.

ஹெல்முட் நல்ல உயரம், சாதுவான முகம். என் ஜெர்மன் வரவேற்பைக் கேட்டுவிட்டு, பணிவாக, "இங்கிலீஷ்?" என்றார். அவருக்கும் கொஞ்சம் ஆங்கிலம் வரும், எனக்கும் கொஞ்சம் வரும். அதில் பேசியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நான் நெஞ்சை நிமிர்த்தி, "நைன்! டாய்ச், பிட்டே!" என்றேன். இல்லை, ஜெர்மன்தான் வேண்டும் என்று பொருள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார்.

ஐயோ.

அது என் புத்தகத்தில் இருந்த ஜெர்மன் இல்லை. சொற்களெல்லாம் நனைந்து ஊறிப்போய், பாதி எழுத்து தொண்டையிலேயே தங்கிவிட, நாம் எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுவதுபோல அவர் எதற்கெடுத்தாலும் ஒரு 'லெ' போட்டு, கடகடவென்று கொட்டினார். வினைச்சொல் கடைசியில் வரும் என்று அம்மணி சொல்லியிருந்தார். காத்திருந்தேன். கடைசி வந்தது, வினைச்சொல் வரவில்லை.

மச்சான் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். ஹெல்முட் எழுந்து நின்றார். கைகளைக் கோத்துக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து, மெதுவாக, நீளமாகப் பேசினார். பேசப் பேசக் கண்ணில் நீர் வந்தது.

எனக்குச் சிக்கியவை மூன்றே சொற்கள். ஒன்று, 'கியட்லெ'. புத்தகத்தில் 'கூட்' என்றால் பெரிய பண்ணை. இரண்டு, 'ரேகா'. அது மழையாகத்தான் இருக்க வேண்டும். மூன்று, அடிக்கடி வந்த 'நெட்'. அது 'இல்லை'. பண்ணை, மழை, இல்லை, கூடவே கண்ணீர். பாஸானவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"பெரிய பண்ணை இருக்குதாமுங்க மச்சான். ஆனா மழையே இல்லையாம்."

"ஏனுங்க," என்று வசந்தாமணி என் காதருகே கிசுகிசுத்தாள், "மழைக்கா இப்படி அழுவாங்க?"

"அவங்க விவசாயத்த அப்படி மதிக்கறவங்க" என்றேன்.

மச்சான் முன்னால் சாய்ந்தார். "தண்ணி எத்தன அடில இருக்குதுன்னு கேளுங்க."

கேட்டேன். ஹெல்முட் குழம்பிப்போய் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "ரொம்ப ஆழமுங்களாம்" என்றேன்.

மச்சான் எழுந்து போய் ஹெல்முட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மழைக்கு அழுவற மனுசன் ஊட்டுக்குக் கண்ண மூடிட்டுப் பொண்ணு குடுக்கலாமுங்க மாப்ள. எனக்குச் சம்மதம்."

என் ஜெர்மன் சாதித்துவிட்டது. அந்தச் சாயங்காலம் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

மறுநாள் காலையில் கூடத்து மின்விசிறி கடகடத்தது. ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியனான ஹெல்முட்டால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஸ்டூல் ஆடியது. எங்களைப் பார்த்து, "ஹெப் ட ஷ்டூல்!" என்றார்.

அப்பாடா, முழு வாக்கியம் ஒன்று புரிந்துவிட்டது! 'ஹேபன்' என்றால் தூக்குவது.

"ஸ்டூலத் தூக்கச் சொல்றாருங்க மச்சான்."

"ஆளோடயா?"

"காரணமில்லாம அவங்க எதையும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பக்கம் புடிங்க."

தூக்கினோம். ஹெல்முட் ஒரு கணம் விசிறியின் இறக்கையில் தொங்கினார். அப்புறம் எங்கள் மேல் விழுந்தார். அவர் ஊரில் 'ஹேபன்' என்றால் தூக்குவது இல்லையாம்; பிடித்துக்கொள்வதாம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "மை ஃபுவஸ்! மை ஃபுவஸ்!" என்று முனகினார். 'ஃபூஸ்' என்றால் பாதம். முதல் மாதப் பாடம். டாக்டரிடம் பாதம் என்றேன். பாதத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"மாப்ள, அவரு தொடையத் தடவறாருங்க" என்றார் மச்சான்.

ஒரு பக்கம் நோயாளியின் கை, இன்னொரு பக்கம் என் புத்தகம். நான் புத்தகத்தை நம்பினேன். "வலி அங்க பரவியிருக்குமுங்க" என்றேன். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தொடையைப் பார்த்தார். தசைப்பிடிப்பு, எலும்புக்கு ஒன்றுமில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாமே 'ஃபுவஸ்' என்பதை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

சௌந்தர்யாவும் மத்தியாஸும் வந்து சேர்ந்தபோது ஹெல்முட் காலை நீட்டிக் கட்டிலில் படுத்திருந்தார். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சௌந்தர்யாவிடம் பெருமையாகச் சொன்னார்:

"சாமி, சம்பந்திகிட்டச் சொல்லு. அவரு பண்ணையில போர் போடற செலவு என்னுது. ஒரு ரிக்க கப்பல்லயே ஏத்தி அனுப்பறேன்."

சௌந்தர்யா அதை ஹெல்முட்டின் பேச்சிலேயே சொன்னாள். என் மகள் வாயிலிருந்தும் அந்த ஊறிப்போன சொற்கள்! ஹெல்முட் திருதிருவென்று விழித்தார். அவள் மறுபடி ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அன்னிக்கு அவரு என்ன சொன்னாருன்னு மாமாகிட்டச் சொன்னீங்க?"

நான் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தேன். வசந்தாமணி சொன்னாள். பண்ணை, மழை, ஆழம் எல்லாவற்றையும் சொன்னாள்.

சௌந்தர்யா சிரிக்கவில்லை. ஹெல்முட்டின் கையைத் தொட்டு, அன்று பேசியதை இன்னொரு முறை பேசச் சொன்னாள். அவர் பேசினார். அவள் ஒவ்வொரு வாக்கியமாக எங்களுக்குச் சொன்னாள்.

"என் மனைவி படுத்த படுக்கையா இருந்தா. உங்க மகதான் பாத்துக்கிட்டா. ஒரு நாள்கூட அவளத் தனியா விடல. ஊருக்கு வெளிய எங்களுக்கு ஒரு 'கியட்லெ', சின்னத் தோட்டம். கொஞ்சம் ஆப்பிள் மரம், அவ்வளவுதான். சாகறதுக்கு முன்னால அதப் பாக்கணும்னா. தன்னோட லீவு நாள்ல உங்க மக சக்கர நாற்காலியில வெச்சுக் கூட்டிட்டுப் போனா. அடக்கம் பண்ண அன்னிக்கு மழை. நான் நனையறது எனக்கே தெரியல. இந்தப் பொண்ணுதான் எனக்குக் குடை புடிச்சா. இவள எங்க வீட்டுக்குக் கேட்டு வரணும்னு என் மனைவி சொல்லிட்டுப் போனா. அதான் வந்தேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. என் பெண் ஒரு அந்நிய தேசத்தில் செய்த காரியத்தை ஒரு மனிதர் எங்கள் வீடு தேடி வந்து சொன்னார். நான் அதை வறட்சி என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். சம்மதம் சொன்னது மழைக்காக. இப்போது?

"நீயா சாமி குடை புடிச்ச?"

"ஆமாங்க மாமா."

"அப்பறம் எங்கிட்ட என்ன சம்மதம் கேக்கறீங்க? அது அன்னிக்கே அவங்க ஊட்டுப் பொண்ணாயிட்டுது." உரித்த ஆரஞ்சை ஹெல்முட்டின் கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு. கல்யாணம் முடியற வரைக்கும் மாப்ள ஜெர்மன்ல வாயத் தொறக்கப்படாது."

வசந்தாமணி இத்தனை வேகமாக எதற்கும் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் ஹெல்முட்டும் மச்சானும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமல், பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்று எல்லோரையும் தமிழில் வரவேற்றேன்.

திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? ஷ்வேபிஷுக்கு ஒரு கையடக்கப் புத்தகம் இருக்கிறதாம், வரவழைத்துவிட்டேன். போன வாரம் போனில் மத்தியாஸ் ஏதோ ஒரு சொல்லைச் சொல்ல, உங்கள் ஊரில் அதை அப்படிச் சொல்லக் கூடாதே என்று திருத்தினேன். அவன் நல்ல பையன். நன்றி சொன்னான்.

'நல்ல வேளை, நான் இப்படி இல்லை' என்று மூச்சு விடுகிறீர்கள். விடுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். என் மச்சான் 'ஊடு' என்றும் 'கேக்கோணும்' என்றும் பேசிய இடங்களில், அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதை விட்டுவிட்டு, உங்கள் மனம் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, அது 'வீடு', இது 'கேட்க வேண்டும்' என்று திருத்தியதா இல்லையா?

திருத்தியதா? வாழ்த்துகள். நீங்களும் பாஸ்.