என் முதுகின் மேல் நடந்த தேர்வு

மொம்போஸ் நகரில் சகல சுகத்துடன் வாழ்வதாக நான் நம்பிக்கொண்டிருக்கும் என் மூத்த சகோதரி திருமதி டிக்னா அவர்களுக்கு, பரான்கியாவிலிருந்து தம்பி எயுடோரோ பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும் நூபியாவும் நலம். நலம் என்பதை உன் மகள் டில்சா தினமும் சோதித்துச் சொல்கிறாள். இந்தக் கடிதத்துக்கே அதுதான் காரணம். அக்கா, தயவுசெய்து வந்து அவளை அழைத்துக்கொண்டு போ.

சுவாச சிகிச்சை படிக்கப்போகிறாள், உன் வீட்டில் தங்கட்டும், ஒரு வாய்ச் சோறுதானே என்று நீ கேட்டபோது, படிக்கிற பெண்ணுக்கு ஒரு மேசையும் விளக்கும் போதும் என்றுதான் நினைத்தேன். இந்தப் படிப்புக்கு ஒரு முதுகு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் காபி கொடுப்பதற்கு முன்னால் மூச்சளக்கும் ஒரு குழாயை நீட்டி ஊதச் சொல்கிறாள். ஊதினால், "மாமா, இதுக்குப் பேரு மூச்சா? மெழுகுவத்திகூட அணையாது!" என்கிறாள். மாக்தலேனா ஆற்றில் ஆயுள் முழுக்க இழுவைப் படகு ஓட்டி, வெறும் தொண்டையாலேயே எதிர்ப்படகுகளை விலகவைத்தவன் நான்! சாயங்காலமானால் வகுப்புத் தோழிகளைக் கூட்டி வந்துவிடுவாள். நெஞ்சுச் சளியை அசைக்க முதுகில் கையைக் குழித்துத் தட்ட வேண்டுமாம். ஆளுக்கொரு பக்கம் நின்று தட்டுவார்கள். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு எர்மெலிந்தா, "ஐயோ, கிழவனைப் போட்டு அடிக்கிறாளுங்களே! நூபியா, நீயும் பாத்துக்கிட்டு நிக்கிறியே!" என்று கத்தினாள். என் மனைவி என்ன சொன்னாள் தெரியுமா? "இன்னும் ஓங்கி அடிக்கட்டும்னுதான் நிக்கிறேன்." எர்மெலிந்தா போலீசைக் கூப்பிட்டுவிட்டாள். வந்த போலீஸ்காரருக்கு இருமல். அவரையும் உட்காரவைத்துத் தட்டி அனுப்பினார்கள். மறுநாள் அவர் தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

இவ்வளவும் பொறுத்தேன். பிறகு செய்முறைத் தேர்வு வந்தது. பொம்மையின் முதுகில் ஒரே சீராகத் தட்டிக் காட்ட வேண்டும். கார்னிவல் திருவிழா நெருங்கும் நேரமாயிற்றே, தெருவில் ஒரு லாரி கும்பியா ஆட்டப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போக, உன் மகளின் கைகளும் அதே தாளத்தில் இறங்கிவிட்டன. இடுப்பும் ஆடியதாகக் கேள்வி. "இது நோயாளியோட முதுகும்மா, மத்தளம் இல்ல!" என்று ஆர்கேலியா டீச்சர் வெளியே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தேங்காய்ச் சோறு அப்படியே ஆறிப்போனது. "மாமா, நான் ஊருக்கே போயிடறேன். அம்மாவோட சேந்து பாலாடைக்கட்டி வித்துப் பொழைச்சிக்கிறேன்" என்றாள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது அக்கா. அவளாக வந்து குழாயை நீட்ட மாட்டாளா என்று நானே ஏங்கிப்போனேன்.

கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு டீச்சரிடம் கெஞ்சப் போனேன். படியேறிப் போனதில் மூச்சு வாங்கியது. வழியெல்லாம் நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சை அவர் கேட்கவே இல்லை. "ஐயா, இந்த விசில் சத்தம் உங்க நெஞ்சிலேருந்தா வருது?" என்றார்.

"ஆமாங்க டீச்சர்."

"அற்புதம்! எங்ககிட்ட பொம்மை இருக்கு, இப்படி ஒரு நெஞ்சு இல்ல. மறுதேர்வுக்கு நீங்களே நோயாளியா வந்து உக்காருங்க. டில்சாவும் எல்லாரோடயும் சேந்து செஞ்சு காட்டட்டும்."

அப்படியாக, கார்னிவலுக்கு முந்தின நாள், சட்டையில்லாமல் ஒரு வகுப்பின் நடுவே உட்கார்ந்தேன். வரிசையாக வந்து நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டார்கள், தட்டினார்கள், என் விசிலைப் புகழ்ந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. அந்த உற்சாகத்தில் பின்வரிசைத் தடியன் ஒருவன், கார்னிவல் வழக்கப்படி ஒரு கை சோளமாவை அள்ளி என் முகத்தில் வீசிவிட்டான். மூச்சு அடைத்துக்கொண்டது. வாயைத் திறக்கிறேன், ஒன்றும் உள்ளே போகவில்லை. "எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாரு!" என்று எல்லோரும் கை தட்டுகிறார்கள். டீச்சரே தலையாட்டி ரசிக்கிறார். டில்சாதான் பாய்ந்து வந்தாள்.

"டீச்சர், இது நடிப்பில்ல! எங்க மாமாவுக்கு நடிக்கவே தெரியாது. கிறிஸ்துமஸ் நாடகத்துல சூசையப்பரா நின்னுக்கிட்டே தூங்கிட்டவரு!"

முகத்து மாவைத் துடைத்து, என்னை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, மேசையில் இருந்த இன்ஹேலரை எடுத்து என் வாயில் வைத்தாள். "மாமா, என்னைப் பாருங்க. உதட்டைக் குவிங்க. சூடான காபிய ஊதுற மாதிரி... மெதுவா... அவசரமே இல்ல."

அக்கா, எனக்குப் பயமாக இருந்தது. அறை நிறையக் காற்று, எனக்கு மட்டும் இல்லை. என் கையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். மூச்சு திரும்பியதும் அந்தத் தடியனைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தையைக் கடிதத்தில் எழுத முடியாது. டீச்சர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "டில்சா, நீ பாஸ்" என்றார். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவள் விக்கி விக்கி அழுதாள்.

ஆகவே உன் பெண் தேறிவிட்டாள், சந்தோஷம். ஆனால் எனக்கு வயதாகிறது. இருப்பதும் ஒரே முதுகு. விபூதிப் புதன் கழிந்ததும் வந்து அழைத்துப் போ. அடுத்த பருவத்துக்கு வேறு இடம் பார். மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல். தேவமாதா உங்கள் எல்லோருக்கும் நீண்ட மூச்சைத் தரட்டும்.

உன் சொல் தட்டாத தம்பி,
எயுடோரோ

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். வந்தாலும் டில்சாவை அனுப்ப மாட்டேன். அவளுடைய தோழிகள் இரண்டு பேரை, தட்டிப் பழகுகிற சத்தம் தாங்கவில்லை என்று அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி வெளியே தள்ளிவிட்டாளாம். பெட்டியோடு வந்து நின்றார்கள். நூபியா வாயைத் திறப்பதற்குள் நானே உள்ளே கூப்பிட்டுவிட்டேன். உடனே இரண்டு தொங்கு படுக்கை வாங்கி இங்கே வரும் ஆற்று லாஞ்சில் போட்டுவிடு. சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள், நிறுத்துகிறேன்.