எழில் எழுத்தில் தொலைந்த சாதி

இராமநாதபுரம் சீமையில் ஒரு தாலுகா அலுவலகம். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள், அங்கே நமக்கெல்லாம் இன்னும் வேலை கிடக்கிறது. 2008ஆம் வருஷம், அங்கே துணைத் தாசில்தாராக இருந்த சோணைமுத்துவை மூன்று நாள் கணினிப் பயிற்சிக்காக அரசாங்கம் மதுரைக்கு அனுப்பிவைத்தது. முதல் இரண்டு நாளும் அவர் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வந்தார். மூன்றாம் நாள், பக்கத்து நாற்காலிக்காரர் ஆர்குட் என்ற இணையதளத்தில் தன் பெயரை இங்கிலீஷில் வளைத்து நெளித்துப் போட்டிருப்பதைப் பார்த்தார். பி-க்கு வால், எம்-முக்குக் கொண்டை. கல்யாணப் பத்திரிகையே தோற்றுப்போகும். சாதாரண எழுத்தைக் கொடுத்தால் அலங்காரம் பண்ணித் திருப்பித் தருகிற இணையப் பக்கம் ஒன்று இருக்கிறதாம். அதன் முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது: "பொதுமக்களின் பெயர்களுக்கு உரிய மதிப்பளிக்கும் பொருட்டு, கணினிப் பதிவுகளில் ஆங்கிலத்தில் உள்ள பெயர்கள் அனைத்தும் இனி எழில் எழுத்திலேயே இருத்தல் வேண்டும். பழைய பதிவுகளும் எழிலூட்டப்படும்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் சித்தி ஜுனைதா மட்டும் வாயைத் திறந்தாள். "சார், இது கணக்குப் பாடத்துக்குன்னு உண்டாக்குன எழுத்து. நம்ம கண்ணுக்குத்தான் பி. கம்ப்யூட்டருக்கு இது வேற எழுத்து. பேரைத் தேடுனா கெடைக்காது."

"பாக்க பி மாதிரி இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப பிதான். கம்ப்யூட்டர் நமக்குக் கீழ வேலை பாக்குதா, நாம அதுக்குக் கீழயா?"

ஒரே மாதத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் எழிலடைந்தார்கள்.

அதில் ஒருத்தி பூமயில். நயினார்கோவில் பக்கத்துக் கிராமத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி மலையாண்டியின் மகள். நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த ஊரில் இதுவரை ஒரு பெண்ணுக்கும் கிடைக்காத இடம். பள்ளிக்காரர்கள் அவள் சாதிச் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நர்ஸ் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: "தாங்கள் குறிப்பிட்ட பெயருக்குத் தங்கள் தாலுகாவில் சாதி எதுவும் இல்லை. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சாதி கிடைக்காவிடில் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே, அலுவலகம் திறக்கும்போதே, பூமயில் போய் நின்றாள்.

"சார், எஞ் சாதி கம்ப்யூட்டர்ல இல்லங்குறாக."

சோணைமுத்து திரையைத் திருப்பிக் காட்டினார். "இந்தா இருக்கியேம்மா. எவ்வளவு அழகா இருக்க!"

"அழகாத்தான் இருக்கேன். தேடுனா வரமாட்டேங்குறேனே."

"அவங்களையும் எழில் எழுத்துல தேடச் சொல்லு."

"அவுககிட்ட அந்த எழுத்து இல்ல சார்."

"அது அவங்க துறையின் பின்தங்கிய நிலை. நாம ஒண்ணும் செய்ய முடியாது."

"பழைய எழுத்துலயே ஒரு தடவ போட்டுத் தாங்க சார். அஞ்சு மணிக்குள்ள ஆகணும்."

"ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவா? குற்றம்மா அது. வேணும்னா, எழில் பூமயிலும் சாதா பூமயிலும் ஒரே ஆளுன்னு ஒரு சான்று வாங்கிட்டு வா. ஒரு நிபந்தனை, ரெண்டு பேருக்கும் ஒரே சாதியா இருக்கணும்."

"சாதா பூமயிலுக்குத்தான் சாதியே இல்லையே!"

"அப்பச் சிரமந்தான்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார். "ஏலே, அப்ப நமக்கும் சாதி இல்லையாடா?" ஜுனைதா அவர் பெயரைத் தட்டிப் பார்த்தாள். இல்லை.

சேதி காற்றாய்ப் பறந்தது. பதினொரு மணிக்கெல்லாம் எல்லாச் சாதிச் சங்கமும் வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டன. ஒரு டீக்கடையில் சேர்ந்து உட்காராதவர்கள் அன்று தோளோடு தோள் உரசி நின்று, ஒரே குரலில் முழங்கினார்கள்: "எங்க சாதிய எங்களுக்குக் குடு!" இந்த மாவட்டம் அப்படியொரு சமத்துவத்தை அதற்கு முன்னாலும் கண்டதில்லை, பின்னாலும் கண்டதில்லை.

சோணைமுத்து அசையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தன் பெயரைத் தட்டிப் பார்த்தார். வரவில்லை. அவர் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜுனைதா! எல்லாத்தையும் பழையபடி மாத்தும்மா! மொதல்ல என்னுத!"

அடுத்து எந்தச் சாதியை முதலில் மாற்றுவது? சமத்துவம் அந்த இடத்தில் முடிந்தது. போலீஸ் வந்தது. அமைதிக் குழு அமைந்தது. கடைசியில் சாதிக்கு ஒரு வரிசை, வரிசையில் முதலில் தலைவர், அப்புறம் செயலாளர், பொருளாளர், கொள்கை பரப்பாளர் என்று முடிவாயிற்று.

"நான் ஒம்பது மணிக்கே வந்தவ. எனக்குச் சீட்டுக்கு வேணும், அஞ்சு மணிக்குள்ள" என்றாள் பூமயில், தன் சாதித் தலைவரிடம்.

"பொறு தாயி. இது மானப் பிரச்சினை. படிப்பெல்லாம் அப்புறம்."

ஆறு இருபதுக்கு அவள் பெயர் சாதா எழுத்துக்கு மாறியது. ஜுனைதா சான்றிதழை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பூமயில் அதை வாங்கிக்கொண்டாள். மூவாயிரம் பேர் கூடியிருந்த இடத்தில் அந்தக் காகிதம் நிஜமாகத் தேவைப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

வாசலில் மலையாண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றிருந்தார். மகளைக் கண்டதும் ஓடிவந்தார்.

"அய்யா, சீட்டு போச்சு."

"அது கெடக்கு தாயி. சாதி வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு."

மலையாண்டி இரண்டு கையாலும் கும்பிட்டார். வழியிலேயே கடையில் நிறுத்தி அதற்கு லேமினேஷன் போட்டு, வீட்டுக்குப் போனதும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பூமயில் மறுநாள் கருவேல விறகைக் கரியாக்கும் கரிமூட்ட வேலைக்குப் போனாள்.