டார்ச் அக்கா வந்த வளைகாப்பு

திருத்தணியிலேயே பட்டப்பகலில் டார்ச் அடித்துக்கொண்டு நடமாடிய ஒரே மனுஷி எங்கள் பகுதி சுகாதார நர்ஸ்தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் டார்ச் அக்கா.

ஒருத்தி உண்டாகியிருப்பது புருஷனுக்குத் தெரியும் முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் வாசலில் நிற்பார். முதலில் தண்ணீர் டிரம்முக்குள் டார்ச். பிறகு ஏணி போட்டு ஏறி, மாடித் தொட்டிக்குள் டார்ச். கடைசியில்தான் கர்ப்பிணியின் கண்ணும் நாக்கும். ஒரு கொசுப்புழு நெளிந்தாலும் டிரம்மைக் கவிழ்த்துவிட்டுத்தான் ரத்த அழுத்தம் பார்ப்பார். அதற்குள் வீட்டில் எல்லோருக்கும் அது ஏறியிருக்கும்.

நான் உண்டானபோது எனக்கும் ஒரு கொசுவலை கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது, அது மாடியில் வடாத்தின் மேல் விரிந்து கிடந்தது.

"ஏம்மா, வடாமா முழுகாம கீது?"

"காக்கா கொத்திகினு போவுதும்மா" என்றார் என் மாமியார், கொஞ்சமும் கூசாமல்.

ஏழாம் மாதம், வளைகாப்புக்கு முதல் நாள், குளிர்காய்ச்சல் என்னைத் தூக்கிப்போட்டது. அரக்கோணத்துச் சொந்தங்கள் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். "கண்ணு பட்டுருச்சு. சுத்திப் போட்டா சரியாப்பூடும். டார்ச் காதுல மட்டும் போட்டுடாதீங்க" என்று மாமியார் உத்தரவு போட்டுவிட்டார். வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தது போல எனக்குப் பயம். போர்வைக்குள் சுருண்டுகொண்டேன்.

மறுநாள் வளைகாப்புக்கு அழைக்காமலே வந்தார் அக்கா. வரிசையில் நின்று என் கன்னத்தில் சந்தனம் பூசினார். சூடு தெரிந்ததும் கை அங்கேயே நின்றுவிட்டது. வளையலை எடுக்க வேண்டியவர், பையிலிருந்து ஊசியை எடுத்து என் விரலில் சுருக்கென்று குத்தினார்.

"ஐயோ, நல்ல காரியத்துல ரத்தமா!" என்று அலறினார் மாமியார்.

"ஒரு சொட்டுதாங்க. கால் மணி நேரம் யாரும் எழுந்துக்காதீங்க."

சோதனை அட்டையை வளையல் தட்டிலேயே வைத்து டார்ச் அடித்தார். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தது. இரண்டு கோடு தெரிந்ததும் அரக்கோணத்து அத்தை நெஞ்சில் கை வைத்தார்.

"ரெண்டு கோடா! ஏழு மாசத்துல மறுபடியும் உண்டாயிட்டாளா?"

"மலேரியாம்மா! வயித்துப் புள்ளைக்கும் ஆபத்து. ஆட்டோவக் கூப்புடுங்க."

ஒரு கை நிறைய வளையலும் மறு கை வெறுமையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு கேட்டபோது, என்னைவிட அதிகமாக அழுதது மாமியார்தான். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் மாத்திரையை விழுங்கினேனா என்று அக்கா என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வீடு திரும்பியதும் வலையைத் துவைத்துக் காயவைத்து, என் மெத்தையைச் சுற்றிச் செருகியது மாமியார். வடாம் காக்கைக்குப் போனது.

மகள் பிறந்த மறுநாள் அக்கா வந்தார். வழக்கம்போல டார்ச்சைப் போட்டார். தூங்கும் குழந்தையைப் பார்த்ததும், வெளிச்சம் கண்ணில் படாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அந்த டார்ச்சை அவர் மறைத்துப் பிடித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது.