இருட்டடியை மூன்று நிமிஷத்தில் சாய்ப்பதா?

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்பி, மனத்தாங்கலாக ஒரு விஷயம் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தோமே, அப்போது ஒருநாள் நீங்கள் குளிக்கப் போன நேரம், மேசையில் கணினி வீணாக எரிந்துகொண்டிருந்தது. அணைக்கத்தான் போனேன். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்த கை சும்மா இருக்காது. ஆனால் திரையில் ஏதோ மல்யுத்தக் கதை இருக்கவே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடும்போது கேட்டதற்கு நீங்கள், நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கற்பனை மல்யுத்தக் கம்பெனி நடத்துவதாகவும், ஆளுக்கொரு வீரன் என்றும், யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது என்று சனிக்கிழமைதோறும் எழுதிப் போடுவதாகவும், நிஜத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாது என்றும் விளக்கினீர்கள். நல்ல பொழுதுபோக்கு என்று நானும் வாசகனாகச் சேர்ந்துகொண்டேன். அங்கேதான் பிடித்தது சனி.

புதிதாக ஒரு மர்ம வில்லன் வந்தானே, இருட்டடி என்று. முதல் மூன்று வாரம் ஆளே தெரியவில்லை. அரங்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும், இருட்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமுவார்கள், அவ்வளவுதான். பழைய சாம்பியன் என்கிறார்கள் உங்கள் நண்பர்கள், ஒருவர் பேய் என்கிறார். நான்காவது வாரம் முகமூடியோடு வெளியே வந்தான். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒருவனையும் தொடுவதில்லை. எதிராளிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “அப்புறம்?” என்கிறான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அந்தத் தடியன் தானாகவே தோல்வியை ஒப்புக்கொண்டு ஓடுகிறான்.

மாப்பிள்ளை, எனக்கும் காது இருக்கிறது. உங்கள் அத்தையிடம் போய், “நான் அப்படியா செருமுறேன்?” என்று கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, “அப்படியேதான்” என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து நாளும் மாமா மாமா என்று தாங்கியவர் மனசுக்குள் வைத்திருந்தது இதைத்தானா?

சரி, அதையும் விழுங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஐந்தாம் வாரத்திலிருந்து சனிக்கிழமை எப்போது வரும் என்றாகிவிட்டது. அடுத்தடுத்து மூன்று பேரை ஓடவிட்டேன், அதாவது ஓடவிட்டான். இப்போது போய், மின்னல் என்கிற பளபள ஜட்டிக்காரன் வருகிற சனிக்கிழமை இருட்டடியின் முகமூடியைக் கிழித்து மூன்றே நிமிஷத்தில் சாய்க்கப்போவதாக அறிவிப்பு போட்டிருக்கிறீர்கள். என்னை வில்லனாக்கினீர்கள், பொறுத்துக்கொண்டேன். அந்தப் பொடியனிடம் தோற்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ஆகவே மாதக் கடைசியில் நாங்கள் அங்கு வருவதாக இல்லை. இனி எப்போது என்றும் சொல்வதற்கில்லை.

என்ன இருந்தாலும் நீங்கள் நோய்நொடி இல்லாமல், என் மகளோடு மனம் கோணாமல் நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். இருட்டடியை எழுதுவது அவளாம். மின்னல்தான் நீங்களாம். ஒரே ஒரு தடவை ஜெயிக்க விடு என்று இரண்டு வாரமாக அவளிடம் கெஞ்சிப் பார்த்து, கடைசியில் அவளைக் கேட்காமலே அந்த அறிவிப்பைப் போட்டுவிட்டீர்களாம். “இவரு பாவம்னு விட்டுக்கொடுத்து எழுதத்தான்ப்பா உட்கார்ந்தேன். மூணு தடவை எழுதிட்டேன். இருட்டடியைத் தோக்க வைக்க எனக்குக் கை வரல” என்றாள். மேலே எழுதியதையெல்லாம் பெரியமனது பண்ணி மறந்துவிடுங்கள். சனிக்கிழமை தோற்கப்போவது நீங்கள்தான் என்று பேசி முடித்தாயிற்று. வெள்ளிக்கிழமையே நாங்கள் வந்துவிடுகிறோம், பக்கத்தில் ஆள் இருந்தால் உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும்.