உஸ்தாத் ஷவ்கியின் இடக்கால் வண்டியேறிய படலம்

கெய்ரோ நகரத்து இம்பாபாப் பேட்டையின் ஏந்தலும், நில அளவை அலுவலகத்து மூத்த எழுத்தரும், முப்பதாண்டுகளாய் ஓடும் வண்டிகளை ஒரே எட்டில் வென்ற நெடுந்தகையுமான உஸ்தாத் ஷவ்கியின் திருவடிகள் வாழ்க. அதிலும் முதலில் படிதொடும் இடக்கால் நீடூழி வாழ்க!

கெய்ரோவின் மைக்ரோபஸ் என்னும் சிற்றுந்து முழுதாய் நிற்பது பிள்ளைத்தாய்ச்சிக்கும் கிழவர்க்கும் மட்டுமே. நின்ற வண்டியில் ஏறுவதைவிட நடந்தே சாவேன் என்று தேநீர்க்கடை அறிய முழங்கியவர் நம் பெருமான். அத்தகையவரின் நொந்த முழங்காலுக்கு வலுவேற்றப் பயிற்சியளிக்கும் நஜ்வா அம்மை, இடக்கணுக்காலில் ஒன்றரைக் கிலோ மணற்பட்டையைக் கட்டி, "ரெண்டு வாரத்துக்குக் கழட்டாதீங்க. வண்டி நின்னப்புறம் ஏறுங்க" என்றாள். முதல் பாதியை ஏற்ற மாவீரர் இரண்டாம் பாதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாட்காலை, புகைகக்கி முழங்கி வந்தது ஸைனுஹும் ஓட்டிய வெள்ளைத்தேர். கம்பியைப் பற்றி உடன் ஓடிய பெருமான், முப்பதாண்டுப் பழக்கத்தால் குறிதவறாப் பாதத்தை ஏவினார். மணல் இழுத்தது; பாதம் படிக்கு ஒரு சாண் கீழே சாலையில் விழுந்தது. மீண்டும் ஏவினார், இம்முறை படியின் விளிம்பில் முழந்தாள் மோதியது.

"காலைத் தூக்குங்க உஸ்தாத்! அதென்ன கல்தூணா?" என்றாள் கீரைக்கூடையோடு உள்ளே அமர்ந்திருந்த உம்மு ஹனான்.

"நிறுத்தட்டுமா பாஷா?" என்றான் ஸைனுஹும்.

"நிறுத்தினே, இந்த ஜென்மத்துல உனக்கு என் சலாம் கிடையாது!"

வெட்கமும் வெஞ்சினமும் பொங்க, இரண்டு சறுக்கலையும் ஈடுகட்டும் பேராவேசத்தோடு, மலையெறிந்த அனுமனென மூன்றாம் முறை காலை வீசினார். ஐயகோ! கனத்த கால் முன்னிரு முறை எவ்வளவு சோம்பியதோ அவ்வளவு வெறியோடு மேலே பாய்ந்தது. படியைக் கடந்தது, இருக்கையைக் கடந்தது, நிறுத்த நினைத்த பெருமானின் ஆணையையும் கடந்தது. கம்பி கைநழுவ, கறுப்பு ஷூ மட்டும் கழன்று பறந்து, உம்மு ஹனானின் கூடையில் கீரைநடுவே வீற்றிருந்தது. வீரர் சாலையில் வீற்றிருந்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

ஐம்பதடி தள்ளி அது கிறீச்சிட்டு நின்றது. சன்னல்வழியே ஷூவை ஆட்டினாள் அவள்.

"உங்க ஷூ ஏறி உக்காந்தாச்சு! நீங்க வரலையா?"

வண்டியே சிரித்தது. ஒற்றைக்கால் சாக்ஸோடு அலுவலகம்வரை நடப்பதா, மானத்தை விடுவதா? முப்பதாண்டுப் புகழ் கண்முன் சரிய, நெஞ்சு குமுற, பொருதுபுண் தாங்கிய போர்க்களிறுபோல் நொண்டி நொண்டி வந்த நெடுந்தகை வானை ஒருமுறை நோக்கினார்.

பிறகு, நின்ற வண்டியில் ஏறி, ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டார்.