கிணற்றில் எண்ணெய் வாடை

எஹலியகொட,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு, முத்துவீரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கம்மாவும் சுகம். கேகாலையில் நீங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும், எட்டு மாத வயிற்றோடு இருக்கும் எங்கள் ஜீவராணியும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது எங்கள் கிணற்றுக் கப்பி காதைக் கிழிக்கிறது என்றீர்களே, அதை அன்றே கவனித்துவிட்டேன். இப்போது சத்தமே இல்லை.

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போக ஏன் இன்னும் வரவில்லை என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். மனமில்லாமல் இல்லை ஐயா, பயம். இரண்டு மாதமாக எங்கள் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வாடை. வீட்டுக்கு மேலே மேட்டில் மூடிக்கிடக்கும் ரப்பர் ஃபெக்டரியில் மண்ணுக்கடியில் பழைய டீசல் தாங்கி ஒன்று இருக்கிறது, அது ஒழுகித்தான் இப்படி என்று நான் மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. பச்சைப்பிள்ளையை டீசலிலா குளிப்பாட்டுவது? எனக்குச் சோறு இறங்கவில்லை, உட்கார்ந்தால் எழும்புகிறேன், எழும்பினால் கிணற்றைப் போய் மோந்து பார்க்கிறேன்.

கடைசியில் அதில் ஓர் ஆபீஸ் அனுப்பி ஷிஹாப் என்ற தம்பி துளை போடும் மெஷினோடு வந்து, தாங்கிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே கை நுழையாத அளவுக்கு ஒரு குழாய்க் கிணறு இறக்கினார். "தம்பி, இதுல எப்ப தண்ணி அள்ளலாம்?" என்றேன். "இது குடிக்கிற கெணறில்ல அங்கிள். தாங்கியில இருந்து எண்ணெய் எறங்குதான்னு பாக்கிற கெணறு" என்றார். அடியில் கீறல் கீறலாக இருந்த குழாயைச் சுற்றி மணல் போட்டு, மழைத்தண்ணீர் இறங்காமல் மேலே களிமண்ணால் அடைத்து, பிறகு ஒரு தண்டை உள்ளே விட்டுத் தயிர் கடைவதுபோல் மேலும் கீழும் அடித்து அடித்துத் தண்ணீரை இறைத்தார்கள். முதலில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. இரண்டு நாளில் கண்ணாடி மாதிரி ஆனது. நாளைக்குச் சாம்பிள் எடுப்பதாகச் சொல்லி மூடியைப் போட்டுவிட்டுப் போனார்.

புதுக் கிணற்றில் தெளிந்த தண்ணீர் வந்தால் பாலும் மஞ்சளும் ஊற்றாமல் விடுவோமா? தங்கம்மா சொம்போடு புறப்பட்டுவிட்டாள். தடுத்தேன் என்று எழுத ஆசைதான். புனலைப் பிடித்தது நான்.

மறுநாள் மஞ்சளாக வந்த தண்ணீரைப் பார்த்து அந்தத் தம்பி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்த ஊத்துனீங்க அங்கிள்?"

"நல்லதுக்குத்தான் தம்பி ஊத்துனோம்," என்றாள் தங்கம்மா. "புள்ளத்தாச்சி பொண்ணு வரப்போகுதுங்க."

அவர் ஏசவில்லை. மறுபடி முதலிலிருந்து அடித்து இறைத்து, மூன்று நாள் கழித்து அதிலும் எங்கள் கிணற்றிலுமாகச் சாம்பிள் கொண்டுபோனார். முடிவு வரும்வரை மகள் அங்கேயே இருக்கட்டும். தண்ணீரைக் கெடுத்தவன் எவனாக இருந்தாலும் சரி, கோர்ட்டு வாசலில் நிறுத்தாமல் விடமாட்டேன்.

பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு, மகளுக்கும் வயிற்றிலிருப்பதற்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ப. முத்துவீரன்
(ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை)

பி.கு.: இதை உறையில் போட்டவன் தபாலில் சேர்க்காமல் இரண்டு வாரம் வைத்திருந்தேன். முடிவு வந்துவிட்டது. குழாய்க் கிணற்றில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எங்கள் கிணற்றில் மட்டும்தான் டீசல். ஷிஹாப் தம்பி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார், அண்ணாந்து கப்பியைப் பார்த்தார், கயிற்றைத் தொட்டு மோந்தார். "கப்பிக்கு என்ன போடுறீங்க அங்கிள்?" என்றார். டீசல்தான் ஐயா, காலையும் மாலையும் அரைக் கோப்பை. சம்பந்தி வீட்டார் முகம் சுளித்துவிட்டார்களே என்று ஒருநாள் தவறாமல் ஊற்றினேன். மேலே கோர்ட்டைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். கிணற்றை மூன்று தடவை இறைத்துக் கழுவி, திரும்பவும் சாம்பிள் கொடுத்து, நல்ல தண்ணீர் என்று எழுத்தில் வாங்கிவிட்டோம். வெள்ளிக்கிழமை மகளை அழைக்க வருகிறோம். கப்பி பழையபடி கத்துகிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க நீங்கள் வரும்போது பிள்ளையின் அழுகையில் அது உங்களுக்குக் கேட்காது.